தலைக்காயத்துக்குப் பிறகு: வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சாலை விபத்திலோ மேலிருந்து விழுந்தோ தலையில் பலமாக அடிபட்டு, உயிர் பிழைத்து வீடு திரும்பியவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காகவும் எழுதியது இது. தமிழ்நாட்டில் கிடைக்கும் உதவிகளை வைத்தே எழுதியிருக்கிறேன். ஐ.சி.யு. வாசலில் நிற்கிறபோது யோசனை சொல்ல ஊரே வரும். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆனபின் போனை எடுக்கக்கூட ஆள் இருக்காது. கேள்விகள் வரத் தொடங்குவதோ அப்போதுதான். மருந்து, சிகிச்சை பற்றிய முடிவு உங்கள் டாக்டருடையது. அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இதைப் பயன்படுத்துங்கள்.

டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். அப்படியென்றால் குணமாகிவிட்டதா?

இல்லை. உயிருக்கு உடனடி ஆபத்து நீங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக் கட்டில் இனித் தேவையில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். விழுங்குவது, நடப்பது, பேசுவது, கோர்வையாக யோசிப்பது, கோபத்தை அடக்குவது என்று எதெது பாதிக்கப்பட்டிருக்கிறதோ அதையெல்லாம் மீட்கும் வேலை வீட்டில்தான் நடக்கப்போகிறது. அதற்கு யார் எப்போது உதவுவார்கள் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுவிடுங்கள். பிசியோதெரபி எங்கே, பேச்சுப் பயிற்சி எங்கே, அடுத்த ஸ்கேன் எப்போது, இரவில் ஏதாவது ஆனால் எந்த நம்பருக்கு அழைப்பது? "ஒரு மாதம் கழித்து ஓ.பி.க்கு வாங்க" என்ற ஒரு வரியோடு கிளம்பிவிடாதீர்கள்.

'ஜி.சி.எஸ். 6' என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன கணக்கு?

கிளாஸ்கோ கோமா ஸ்கேல். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். மூன்றிலும் எந்த அசைவும் இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 1 என 3 உண்டு. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. அன்றைய நிலையை டாக்டர்கள் தங்களுக்குள் சுருக்கமாகச் சொல்லிக்கொள்ள வந்த அளவுகோல் இது. 6-ல் வந்து நடந்து போனவர்களும் உண்டு, 14-ல் வந்து வேலைக்குத் திரும்ப முடியாதவர்களும் உண்டு. வயது, சி.டி. ஸ்கேனில் தெரிந்த பாதிப்பு, எத்தனை நாள் நினைவு தடுமாறி இருந்தார் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் ஓரளவாவது சொல்ல முடியும்.

எத்தனை மாதத்தில் சரியாகும்?

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையும், ஆனால் நிற்காது. இரண்டு வருடம் வரையும் அதற்குப் பிறகும் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் தாண்டிவிட்டது, இனி அவ்வளவுதான் என்று பயிற்சியை நிறுத்துகிற குடும்பங்கள் நிறைய. "பழையபடி ஆகிவிடுவார்" என்றும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. தேதி கேட்பதைவிட, "அடுத்த மூன்று மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டால் டாக்டரிடமிருந்து உபயோகமான பதில் வரும்.

என்னென்ன காகிதங்களை வாங்கி வைக்க வேண்டும்?

அலுப்பான கேள்வி என்று தோன்றும். ஆனால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. பிலிமும் ரிப்போர்ட்டும், எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அதைப் பதிந்த டிஸ்க், ஆபரேஷன் குறிப்பு, எல்லா பில்களும். விபத்து என்றால் முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனில் ஒன்று, இன்னொருவர் மெயிலில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பில் அச்சிடும் தெர்மல் தாளில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும், அதை முதலில் ஜெராக்ஸ் எடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும். தேதி போட்டு இரண்டே வரி: "காலையில் சாப்பிட்டதை மறந்து திரும்பக் கேட்டார். மாலை 6 மணிக்குத் தட்டைத் தூக்கி எறிந்தார்." உடைந்த கை எக்ஸ்ரேயில் தெரியும். மாறிப்போன சுபாவம் எந்த ஸ்கேனிலும் தெரியாது. அதைப் பார்த்தவர் வீட்டில் இருக்கும் நீங்கள் மட்டும்தான். நீங்கள் எழுதி, டாக்டரிடம் காட்டி, அவர் ஓ.பி. சீட்டில் ஒரு வரி குறித்தால்தான் அப்படி ஒன்று நடந்ததாக ஊனச் சான்று தரும் மெடிக்கல் போர்டும் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளும்.

மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்து வயிற்றில் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

கேட்கத்தான் விபரீதமாக இருக்கும். மூளை வீங்கும்போது விரிய இடம் வேண்டும் என்பதற்காக ஓட்டின் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். அந்த எலும்பு கெடாமல் இருக்க வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைப்பது நம் ஊரில் சகஜம். சில இடங்களில் உறைகுளிரில் பாதுகாப்பார்கள். அப்படியானால் எங்கே, எந்த எண்ணில் வைத்திருக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். வீக்கம் வடிந்து, கிருமித்தொற்று எதுவும் இல்லை என்று உறுதியானபின், பெரும்பாலும் சில மாதங்களில், திரும்பப் பொருத்துவார்கள். எலும்பு கெட்டுப்போயிருந்தால் டைட்டானியம் போன்ற தகடு வைப்பார்கள்.

அதுவரை அந்தப் பக்கம் மூளைக்கு மேல் தோல் மட்டும்தான் காவல். அந்தப் பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்காதீர்கள். எழுந்து நடக்க ஆரம்பித்தால் தலைக்குக் கவசம் வேண்டும், எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். எண்ணெய் வைத்துத் தலையை அழுத்தித் தேய்த்துவிட ஒரு பெரியம்மா கட்டாயம் வருவார், அன்போடு தடுத்துவிடுங்கள். அந்த இடம் குழிந்திருப்பது வழக்கமானதுதான். திடீரென்று புடைத்து இறுகினாலோ, காய்ச்சல், வாந்தி, தூக்கக் கலக்கம் சேர்ந்து வந்தாலோ, வயிற்றுத் தையலில் நீர் கசிந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படுத்த படுக்கை, மூக்கில் குழாய். வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

கிளம்பும் முன் நர்ஸ் செய்வதை வேடிக்கை பார்த்தால் போதாது. அவர் பக்கத்தில் நிற்க, நீங்களே இரண்டு மூன்று முறை செய்து பார்த்துவிடுங்கள். உணவு கொடுக்கும்போது முதுகுப்பக்கம் முப்பது, நாற்பத்தைந்து டிகிரியாவது உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்தபின்னும் முக்கால் மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். மூக்கருகே குழாயில் இருக்கும் குறி நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாதீர்கள். கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர் எதுவானாலும் நல்ல வடிகட்டியில் வடிகட்டியபின்தான். கேழ்வரகுக் கஞ்சி ஆறினால் கெட்டிப்பட்டுக் குழாயை அடைத்துவிடும். கடைசியில் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். இருமினாலோ முகம் கறுத்தாலோ உடனே நிறுத்துங்கள்.

படுக்கைப் புண்ணுக்கு மருந்து தேடுவதைவிட வராமல் பார்ப்பது சுலபம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். ஏர் பெட் வாங்கினாலும் புரட்டுவதை விடக்கூடாது. வால் எலும்பு, குதிகால், இடுப்பெலும்பு, தலையின் பின்பக்கம் ஆகிய நான்கு இடங்களையும் குளிப்பாட்டும்போது பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு தெரிந்தால் அதுதான் ஆரம்பம். பலமில்லாத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும்.

வீட்டுக்கு யாராவது வந்து உதவுவார்களா என்றால், வருவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி-ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, அவர்கள் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது? கையில் இரும்பு கொடுக்கலாமா?

இரும்பும் வேண்டாம், சாவிக்கொத்தும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, சட்டைக் காலரைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் விரலோ ஸ்பூனோ தண்ணீரோ கூடாது. பிடித்து அமுக்கவும் கூடாது. போன் கையில் இருந்தால் வீடியோ எடுங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ 108.

வலிப்பு மாத்திரையை எவ்வளவு நாள் எடுப்பது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். "மூன்று மாதமாக வரவில்லையே" என்று நீங்களாக நிறுத்தினால், நிறுத்தியதாலேயே வரக்கூடும். லெவெடிராசிடாம் என்ற மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் அதிகமாக்கும். மாத்திரை ஆரம்பித்தபின் சுபாவம் மாறியதாகத் தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்துகள் இருக்கின்றன.

நடக்கிறார், பேசுகிறார், பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் பழைய ஆள் இல்லை. தொட்டதற்கெல்லாம் கோபம். என்ன செய்வது?

எனக்குத் தெரிந்து குடும்பங்கள் உடைவது படுக்கைப் புண்ணால் இல்லை, இதனால்தான்.

மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டு முனைகளும் மண்டை ஓட்டின் கரடுமுரடான அடித்தளத்தை ஒட்டி இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் மோதினாலும் அவை அடிவாங்க வாய்ப்பு அதிகம். கோபத்தை அடக்குவது, எதை எப்போது சொல்லலாம் என்று யோசிப்பது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது இதெல்லாம் அந்தப் பகுதியின் வேலை. ஆகவே இரண்டு எதிரெதிரான மாற்றங்கள் வரலாம். ஒருவர் வீட்டில் எதையாவது உடைத்துக்கொண்டே இருப்பார், வந்தவர்கள் முன்னால் கூசும்படி பேசுவார். இன்னொருவர் குளி என்று சொன்னால்தான் குளிப்பார், சொல்லாவிட்டால் சாயங்காலம் வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். முன்னவருக்குத் திமிர் என்றும் பின்னவருக்குச் சோம்பேறித்தனம் என்றும் பெயர் வைத்துவிடுவார்கள். இரண்டுமே காயத்தின் அடையாளங்கள்.

தனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் அடித்துச் சொல்வதும் இதில் சேர்த்திதான். பொய் சொல்லவில்லை, தன் குறையைத் தானே உணரும் இடமும் காயப்பட்டிருக்கிறது. வாதாடி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது.

கோபம் வருவதற்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். பத்து நாளில் ஒரு வரிசை பிடிபடும். பசி, மலச்சிக்கல், தூக்கமின்மை, வெயில், மிக்ஸி சத்தம், டி.வி.யும் பேச்சும் ஒரே நேரத்தில் என்று இப்படித்தான் இருக்கும். மூளைக்காயம் பட்டவர்களுக்குச் சாதாரண பேச்சே களைப்பைத் தரும், பகலில் ஒரு தூக்கம் அவர்களுக்கு மருந்து மாதிரி. கல்யாண மண்டபம், தீபாவளி வெடி, திருவிழா மைக் எல்லாவற்றையும் முதல் வருடம் தவிர்ப்பதில் தப்பே இல்லை.

கோபம் ஏறிவிட்டால் ஒருவர் மட்டும், தணிந்த குரலில், சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். நியாயம் கேட்கிற நேரம் அது இல்லை. பேச்சை மாற்றுங்கள், முடியாவிட்டால் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கத்தி, கொதிக்கும் பாத்திரம், மாத்திரை டப்பா கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். அடி விழுகிறதென்றால் 'பாவம், உடம்பு சரியில்லாதவர்' என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 108-ஐ அழையுங்கள், பெண்களுக்கு 181 இருக்கிறது. அடுத்த ஓ.பி.யிலேயே மனநல டாக்டரையும் பார்க்கக் கேளுங்கள். இதற்கு மருந்து இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது.

இன்னொன்று, பார்க்க வரும் சொந்தக்காரர்கள். படுக்கையருகே குனிந்து, "என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லு பார்ப்போம்?" என்று கேட்பார்கள். ஒருவர் போனதும் அடுத்தவர். பதில் வராவிட்டால் "ஐயோ, சின்ன மாமாவையே மறந்துட்டானே" என்று அவர் காதுபடவே அழுகை. நினைவு தடுமாறுகிறவருக்கு நாள் முழுக்கப் பரீட்சை வைத்து நாள் முழுக்க ஃபெயில் ஆக்குவது இது. வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "உள்ளே போய் நீங்களே பேரைச் சொல்லிடுங்க. 'நான் உன் சின்ன மாமா, கும்பகோணத்திலிருந்து வந்திருக்கேன்'னு சொல்லுங்க. பத்து நிமிஷம் போதும்." கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

மறதிக்கு என்ன வழி?

வல்லாரை கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அவர் எடுக்கும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று டாக்டரிடம் கேட்காமல் எந்த மூலிகையும் வேண்டாம். நிஜமாகவே உதவுவது வெளியில் இருக்கும் ஞாபகம்தான். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் இன்றைய கிழமை, தேதி, இன்று செய்ய வேண்டிய நான்கு வேலைகள். மாத்திரைக்குப் போனில் அலாரம். கண்ணாடி, சாவி, பர்ஸ் எப்போதும் ஒரே இடத்தில். தினமும் ஒரே வரிசையில் வேலைகள். நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னால் அது பெரும்பாலும் மூளை இடைவெளியை நிரப்புவதுதான். குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்.

லேசான அடிதான், ஸ்கேனும் நார்மல். ஆனாலும் தலைவலி, தலைசுற்றல், படிக்க முடியவில்லை என்கிறாள் மகள். நடிக்கிறாளா?

நடிக்கவில்லை. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பும் நடமாட்டமும். முழுதாகச் சரியாகும் வரை மறுபடி தலையில் அடிபடக்கூடிய விளையாட்டுகள் வேண்டாம். மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் நரம்பியல் டாக்டரிடம் போங்கள். வீட்டில் வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தால், அதுவும் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் என்றால், சில வாரம் கழித்துக்கூட ரத்தக்கட்டு தெரியவரலாம். நடை தடுமாறினாலோ புதிதாகக் குழம்பினாலோ 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள்.

புனர்வாழ்வு சிகிச்சை எங்கே கிடைக்கும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பி.எம்.ஆர். என்ற உடலியல் மருத்துவ, மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மூளை ஆபரேஷன் வார்டிலிருந்து அங்கே அனுப்பச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும். சென்னையில் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இதற்கென்றே இருப்பது. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வோடு, ஞாபகம், கவனம் போன்றவற்றைச் சோதித்துப் பயிற்சி தரும் நரம்பு-உளவியல் பிரிவும் உண்டு. அந்தச் சோதனை அறிக்கை பின்னால் இழப்பீட்டு வழக்கில் ரொம்பவும் கைகொடுக்கும்.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் 1966-ல் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே டாக்டராகத் தொடர்ந்தவர். நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பது முதல் கழிவறைப் பயிற்சி வரை குடும்பத்துக்கும் அங்கே சொல்லித் தருவார்கள், அதனால் கூட ஒருவர் தங்கத் தயாராகப் போங்கள்.

இந்திய அளவில் தலைக்காயத்துக்கென்றே இருக்கும் அமைப்பு இந்தியன் ஹெட் இஞ்சுரி ஃபவுண்டேஷன். 2005-ல் போலோ ஆட்டத்தில் மகன் தலைக்காயம் பட்டபின், ஜோத்பூர் அரச குடும்பத்தின் கஜ் சிங் தொடங்கியது. தமிழில் பேசிப் பகிர்ந்துகொள்ளும் குழு வேண்டுமென்றால், பிசியோ வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் நம்பரை வாங்கி வாட்ஸ்அப்பில் நாமே தொடங்குவதுதான் சட்டென்று நடக்கிற காரியம். ஏர் பெட் யாரிடம் சும்மா கிடக்கிறது, எந்த அலுவலகத்தில் எந்த நாள் போனால் வேலை ஆகும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

ஸ்டெம் செல் சிகிச்சையில் குணமாகும் என்று விளம்பரம் வருகிறதே?

நகையை அடகு வைக்காதீர்கள். மூளைக்காயத்துக்கு அது இன்னும் நிரூபிக்கப்படாத சிகிச்சை. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இப்படிக் காசு வாங்கிக்கொண்டு செய்வது நெறியற்றது என்பதே ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல். அந்தப் பணத்தில் ஒரு வருடத்துக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து போவார்.

சிகிச்சைச் செலவுக்கு அரசு என்ன தருகிறது?

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும், உச்சவரம்புக்குள் இலவசம். 2021 டிசம்பரில் வந்தது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர், வருமானம் என்ன என்று பார்ப்பதில்லை. மத்திய அரசும் 2025 மே முதல் விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்திருக்கிறது.

அதற்குப் பிறகு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை. அட்டை எடுத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. மாதச் சம்பளம் 21,000-க்குள் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர் என்றால் அதையும் விசாரியுங்கள். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் அதில் வேலையிடக் காயமாகக் கணக்காகும்.

விபத்து இழப்பீடு கேட்க எவ்வளவு காலம் இருக்கிறது? எவ்வளவு கிடைக்கும்?

2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன, ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் வசிக்கும் ஊரிலும் போடலாம்.

தொகையில் இரண்டு விஷயங்களைக் குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. ஒன்று, ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. 2010-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கை கால் நன்றாக இருந்து கணக்குப் போட முடியாமல் போன ஒரு கணக்காளருக்கு இழப்பு கிட்டத்தட்ட முழுமையானது. அதை நிரூபிப்பது நரம்பு-உளவியல் அறிக்கையும் உங்கள் நோட்டும்தான். இரண்டு, பார்த்துக்கொள்ளும் ஆளின் செலவு. 12 வயதில் மூளைக்காயம் பட்ட ஒரு சிறுமியின் வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் தலா 5,000 என்று வைத்து, 12 மாதத்தாலும் வயதை வைத்துக் கோர்ட் எடுக்கும் 18 என்ற பெருக்கெண்ணாலும் பெருக்கி, அந்த ஒரு தலைப்பில் மட்டும் 21,60,000 ரூபாய் தந்தது. மொத்தம் 62 லட்சத்தைத் தாண்டியது. பார்த்துக்கொள்வது அம்மாதானே, சம்பளமா கொடுக்கிறோம் என்று அந்த வரியை மனுவில் விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விசிட்டிங் கார்டோடு வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். எண் 15100.

அடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது. அல்லது அவரே வழுக்கி விழுந்தார். அப்போது?

நிற்காமல் போன வண்டி என்றால், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தானே விழுந்திருந்தால் வண்டியின் இன்சூரன்ஸ் தாளை எடுத்து, உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி அவர் பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்தால், நிரந்தர முழு ஊனத்துக்கு 15 லட்சம் வரை உண்டு. குடித்திருந்தால் கிடையாது. பிரீமியம் கட்டியிருந்தும் கேட்காமலே விடுகிற பணம் இது.

மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் நேர்வழியாக இல்லை. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 ஊன வகைகளில் மூளைக்காயம் என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் காயம் விட்டுப்போன பாதிப்பைச் சொல்லி வாங்க வேண்டும்: கை கால் இயக்கம், பேச்சு-மொழி, பார்வை, மனநலம், அல்லது ஒன்றுக்கு மேல் இருந்தால் பல்வகை. கால் கொஞ்சம் இழுக்கிறது என்று எலும்பு டாக்டரிடம் மட்டும் காட்டிவிட்டு வந்தால், சுபாவமும் பேச்சும் கணக்கில் வராமல் சதவீதம் குறைந்துவிடும். ஒவ்வொரு பாதிப்புக்கும் அந்தந்தத் துறை டாக்டரின் மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். நோட்டை அங்கே கொண்டு போங்கள். போர்டு முன்னால் அவர் பத்து நிமிடம் அழகாகப் பேசிவிடுவார், பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

நிலை மாறக்கூடும் என்றால் தற்காலிகச் சான்று தருவார்கள், காலாவதி தேதியைக் குறித்து வையுங்கள். 40 சதவீதம் இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். இரண்டுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

அவர் பெயரில்தான் பேங்க் கணக்கும் வீடும். கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை.

கட்டைவிரலைப் பிடித்து வைத்துக் கைநாட்டு வாங்கிவிடாதீர்கள், நாளைக்கு அதுவே வழக்காகும். கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளரை நியமிக்க நேரடியான சட்டம் இல்லாததால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகிறார்கள். 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, அவருடைய சொத்தை விற்கவும் அனுமதித்தது. சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்ன தனி நீதிபதியின் உத்தரவை ரத்து செய்துதான் இரு நீதிபதிகள் அமர்வு அப்படித் தீர்ப்பளித்தது. நினைவோடு இருந்து முடிவெடுக்க மட்டும் தடுமாறுகிறவர் என்றால் வழி வேறு, வக்கீலிடம் பேசுங்கள்.

வேலை போய்விடுமா?

அரசு வேலை என்றால், பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016 சட்டத்தின் 20-ம் பிரிவு. அதே சம்பளத்தில் வேறு வேலை, அதுவும் இல்லாவிட்டால் அவருக்காகக் கூடுதலாக உருவாக்கும் உபரிப் பணியிடம். யாராவது விருப்ப ஓய்வுக் கடிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம். தனியார் நிறுவனத்தில் இந்த அளவு பாதுகாப்பு கிடையாது. அரை நாள் வேலை, சத்தமில்லாத இடம், எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியல் என்று சின்னச் சின்னதாகக் கேட்டுப் பாருங்கள். அவசரப்பட்டு முதல் நாளே முழு வேலைக்கு அனுப்பினால் களைத்துப்போய் ஒரே மாதத்தில் நின்றுவிடுவார்.

வண்டி ஓட்டலாமா? கொஞ்சமாகக் குடித்தால்?

டாக்டர் எழுத்தில் சொல்லும் வரை சாவியை ஒளித்து வையுங்கள். குடி கூடவே கூடாது, காயப்பட்ட மூளைக்குக் கொஞ்சமே அதிகம், வலிப்பையும் கூட்டிவரும்.

என்னால் முடியவில்லை. இதைச் சொல்லவே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மனைவிகளும் அம்மாக்களும்தான். கணவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் கல்யாணம் செய்துகொண்டவர் இவர் இல்லை. துக்கம் கொண்டாடவும் முடியாது, சந்தோஷப்படவும் முடியாது. "உயிரோட இருக்காரே, அதுக்குச் சந்தோஷப்படு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்குப் பதில் சொல்லியே பாதித் தெம்பு போய்விடும்.

உங்கள் பிரஷர், சுகர் மாத்திரையை எப்போது கடைசியாக வாங்கினீர்கள்? முதலில் அது. அடுத்தது, உதவி கேட்கும்போது பொதுவாகக் கேட்காதீர்கள். "எப்பவாவது வாங்க அண்ணி" என்றால் யாரும் வரமாட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை இரண்டிலிருந்து ஆறு வரை நீங்க பாத்துக்கணும் அண்ணி, நான் வெளியே போகணும்" என்று நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள். பணம் அனுப்பும் தம்பியிடம், இரவுக்கு ஒரு அட்டெண்டர் வைக்கும் செலவை வாராவாரம் ஏற்கச் சொல்லுங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். தூங்குங்கள், கோவிலுக்கோ அம்மா வீட்டுக்கோ போங்கள்.

தூக்கம் வராமல், அழுகை நிற்காமல், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். "அப்பாவுக்குத் தலையில அடிபட்டதால கோபத்தை நிறுத்துற இடம் சரியா வேலை செய்யலை. உன் மேல தப்பு இல்ல. அப்பா கத்தினா நீ பாட்டி ரூமுக்குப் போயிடு." ஏழு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அப்பாவோடு சேர்ந்து செய்யும்படி தினமும் ஒரு சின்ன வேலை கொடுங்கள், வெள்ளைப் பலகையில் காலையில் தேதி எழுதுவது மாதிரி. பெரிய பிள்ளைகளை முழுநேர நர்ஸ் ஆக்கிவிடாதீர்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணை இரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் புரட்டிவிடச் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுக்கு அட்டெண்டர் செலவுதான் முதல் செலவு.